நாற்று ஏன் நீள்கிறது?

தக்காளி விதை ஒன்றின் எடை ஏறத்தாழ 3 மில்லிகிராம். ஒரு கிராம் வாங்கினால் சுமார் 300 விதைகள் இருக்கும். அந்த 3 மில்லிகிராமுக்குள் கருவும் இருக்க வேண்டும். அது தன் உணவைத் தானே தயாரிக்கத் தொடங்கும்வரை தாங்கக்கூடிய கொழுப்பும் புரதமும் இருக்க வேண்டும். செடியின் கைமுதல் இவ்வளவுதான். ஈரம் பட்டதும் அதைச் செலவழிக்கத் தொடங்குகிறது. வேருக்கு எவ்வளவு, தண்டுக்கு எவ்வளவு, இலைக்கு எவ்வளவு என்ற பங்கீடு முதல் சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. செடிக்கு மூளை கிடையாது. ஆனாலும் அந்தப் பங்கீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வதில்லை. ஒளி, சூடு, ஈரம், அசைவு என்று சுற்றுப்புறத்திலிருந்து கிடைக்கும் குறிப்புகளைப் படித்த பிறகே செய்கிறது.

வீட்டுக்குள் நாற்று விடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். டொராண்டோவில் மே மாதத் தொடக்கத்தில்கூட உறைபனி விழும். மே மாதக் கடைசியில் வரும் விக்டோரியா தின விடுமுறைக்குப் பிறகே அங்கே தோட்டத்தில் தக்காளி நடத் துணிவார்கள். மிளகாயும் கத்தரியும் எட்டு முதல் பத்து வாரம் முன்பே முளைத்தாக வேண்டிய பயிர்கள். ஆகவே மார்ச் மாதத்தில் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஜன்னலோரத்தில் கத்தரி விதை போடுகின்றன. சென்னையில் பனி இல்லை. ஆனால் மொட்டைமாடியின் கொதிக்கும் வெயில், எலி, எறும்பு, திடீர் மழை எல்லாம் சேர்ந்து அடுக்ககவாசியையும் தட்டை வீட்டுக்குள் கொண்டுபோக வைக்கின்றன. இரண்டு ஊரிலும் புலம்பல் ஒன்றுதான்: விதை நன்றாக முளைத்தது, நாலே நாளில் வெடவெடவென்று நீண்டு சாய்ந்துவிட்டது.

சத்துக் குறைவு என்று நினைத்து உரம் ஊற்றுவார்கள். நீளம் இன்னும் கூடும். அந்த நாற்றுக்கு நோயும் இல்லை, பசியும் இல்லை. கிடைத்த குறிப்புகளைப் பிழையில்லாமல் படித்து, அவற்றுக்கு ஏற்ற முடிவைத்தான் அது எடுத்திருக்கிறது. குறிப்புகள்தாம் தவறானவை. வீட்டுக்குள் நல்ல நாற்று வளர்ப்பது என்றால், ஒரு வீடு செடிக்குத் தரும் தவறான குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்துவது என்று பொருள்.

இருட்டில் எடுத்த முடிவு

பயறு முளைகட்டும்போது மூடியே வைத்தால் தண்டு வெள்ளையாக, நீளமாக வளரும், இலை விரியாது. மண்ணுக்கடியில் இருக்கும் விதையும் இதையேதான் செய்கிறது. மேலே எங்கோ வெளிச்சம் இருக்கிறது, கையிருப்பு தீர்வதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். இலைக்கும் பச்சையத்துக்கும் அப்போது செலவழிப்பது வீண். ஆகவே எல்லாவற்றையும் தண்டின் நீளத்தில் கொட்டுகிறது. உச்சியில் ஒளி பட்டதும் திட்டம் மாறுகிறது: நீள்வது குறைகிறது, வித்திலைகள் விரிகின்றன, பச்சையம் உருவாகிறது.

அந்த ஒளியைச் செடி எதைக்கொண்டு அறிகிறது? விடை ஒரு கீரை விதையிலிருந்து வந்தது. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி மையத்தில் தாவரவியலாளர் ஹாரி போர்த்விக், வேதியியலாளர் ஸ்டெர்லிங் ஹென்ட்ரிக்ஸ் ஆகியோரின் குழு, 'கிராண்ட் ராபிட்ஸ்' என்ற லெட்யூஸ் ரகத்தின் விதைகளை ஈரப்படுத்தி, அவற்றின்மீது வெவ்வேறு நிற ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தது. சிவப்பு ஒளி பட்ட விதைகள் முளைத்தன. சிவப்புக்குப் பின் தொலைச்சிவப்பு, அதாவது நம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் 730 நானோமீட்டர் அளவிலான ஒளி பட்டால், முளைப்பு நின்றுபோனது. மறுபடி சிவப்பைக் காட்டினால் மறுபடி முளைத்தன. எத்தனை முறை மாற்றி மாற்றிக் காட்டினாலும் கடைசியாக எது பட்டதோ அதன்படியே விதை நடந்துகொண்டது. 1952இல் வெளியான இந்த முடிவு, இரண்டு நிலைகளுக்கு இடையே மாறிக்கொண்டிருக்கும் ஒரே நிறமி செடிக்குள் இருக்க வேண்டும் என்று காட்டியது. 1959இல் அதே மையத்தில், இருட்டில் வளர்ந்த நாற்றுகளில் அந்த நிறமியைக் கருவி கொண்டு கண்டுபிடித்தார்கள். இன்று அதன் பெயர் ஃபைட்டோகுரோம்.

இரண்டு நிறங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதால் செடிக்கு என்ன லாபம்? பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. தொலைச்சிவப்பைப் பெரும்பாலும் கடத்திவிடுகிறது அல்லது திருப்பி அனுப்புகிறது. வெட்டவெளியில் இரண்டும் ஏறக்குறையச் சம அளவில் இருக்கும். இலைகளுக்கு அடியில் சிவப்பு மட்டும் கடுமையாகக் குறைந்துவிடும். ஆகவே இந்த விகிதம் விழுந்தால், தலைக்கு மேலே வேறொரு செடி நிற்கிறது என்று பொருள். அதைத் தாண்டி உயர்ந்தால் பிழைக்கலாம், நாற்று நீள்கிறது.

நிழல் விழுவதற்கு முன்பேகூட அது நீளத் தொடங்கும். அர்ஜென்டினாவைச் சேர்ந்த கார்லோஸ் பலாரேயும் சக ஆய்வாளர்களும் 1990இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் அழகான சோதனையை வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்டவை ஊமத்தை, வெண்கடுகு நாற்றுகள். ஊமத்தை என்றால் தக்காளிக்கும் கத்தரிக்கும் ஒரே குடும்பம். நெருக்கமாக நின்ற நாற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று நிழல் போடாத நிலையிலேயே நீண்டன. பக்கத்துச் செடியின் இலை திருப்பியனுப்பும் தொலைச்சிவப்பே காரணம் என்று ஊகித்தவர்கள், மயில்துத்தக் கரைசல் நிரப்பிய கண்ணாடிபோன்ற வளையத்தைத் தண்டைச் சுற்றி மாட்டினார்கள். மயில்துத்தம் தொலைச்சிவப்பை உறிஞ்சிவிடும். வளையம் மாட்டிய நாற்றுகள் அண்டை வீட்டாரைக் கண்டுகொள்ளாததுபோல் குட்டையாகவே இருந்தன.

ஒரே கிண்ணத்தில் விதையைத் தூவிவிட்டு, எல்லாம் முளைத்ததைப் பார்த்து மகிழ்கிறவர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முளைத்த ஒரு வாரத்திலேயே அவற்றுக்குள் போட்டி தொடங்கிவிடுகிறது. குழிக்கு ஒரு நாற்றுக்கு மேல் வைக்கக் கூடாது. மிஞ்சியதைப் பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். சிறு கத்தரிக்கோலால் அடியோடு நறுக்கிவிடலாம். 98 குழிகள் கொண்ட குழித்தட்டில் நாற்றுவிடும் பண்ணைகள், தக்காளி நாற்றை 25 நாள் வாக்கில் வெளியேற்றிவிட அவசரப்படுவதற்கும் இது ஒரு காரணம். அதற்கு மேல் தட்டில் இருந்தால் இலைகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். நாற்று கைமீறி நீளும்.

கண்ணை நம்பக் கூடாது

நிறம் ஒரு குறிப்பு என்றால் ஒளியின் அளவு இன்னொன்று. இதில் ஏமாறுவது நாம். நம் கண் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால், வீட்டுக்குள் இருக்கும் ஒளிக்கும் வெளியில் இருக்கும் ஒளிக்கும் உள்ள இடைவெளி நமக்கு உறைப்பதில்லை. நண்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய பகலில் வெளியே 10,000 லக்ஸுக்கு மேலும் கிடைக்கும். நன்றாக விளக்கு எரியும் அலுவலக மேசையில் 300 முதல் 500 லக்ஸ்தான். நமக்கு அது தாராளமாகப் படிக்கக்கூடிய வெளிச்சம். தக்காளி நாற்றுக்கோ அதில் தயாராகும் உணவு தன் சுவாசச் செலவுக்கே கட்டாது. கைமுதலைத் தின்றுகொண்டே அது வெளிச்சத்தைத் தேடுகிறது.

நிலத்தில் இந்தத் தேடலுக்குப் பலன் உண்டு: ஒரு சாண் உயர்ந்தால் களைக்கு மேலே தலை வந்துவிடும். அறைக்குள் ஒரு சாண் உயர்ந்தாலும் அதே மங்கல்தான். ஆகவே அது நிறுத்தாமல் நீள்கிறது.

ஜன்னலோரம் போதுமா என்பது ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டுத் தோட்டக்கலைப் புத்தகங்கள் தெற்கு ஜன்னலைச் சொல்லும். டொராண்டோவில் அது சரி. அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் உச்சிக்கு வருகிறது. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நகர்ந்துவிடும். ஆடிப்பட்டத்துக்கு நாற்றுவிடும் காலமும் அதுதான். அப்போது தெற்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது; கிழக்கு ஜன்னலின் காலை வெயிலே கைகொடுக்கும்.

ஜன்னல் சரிப்படவில்லை என்றால் விளக்கு. அதற்கு ஊதா நிறத்தில் எரியும் சிறப்பு விளக்கு தேவையில்லை. சாதாரண வெள்ளை எல்இடி குழல்விளக்கே போதும். அதில் தொலைச்சிவப்பு மிகக் குறைவு என்பது இங்கே நமக்குச் சாதகம். அதிலுள்ள நீல ஒளியும் உதவும்: நீலத்தை உணரும் கிரிப்டோகுரோம் என்ற இன்னொரு புரதம் தண்டு நீள்வதைத் தடுக்கிறது. முக்கியம் தூரம். கூரையில் எரியும் குழல்விளக்கு நாற்றுக்குப் பயனில்லை. அதே விளக்குகளில் இரண்டை அருகருகே, நாற்றின் உச்சியிலிருந்து ஒரு சாணுக்குள் தொங்கவிட்டால் கதை மாறும். 10,000 முதல் 15,000 லக்ஸ் கிடைத்தால் நாற்று திடமாக வளரும். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலியே ஏறக்குறைய கணக்குச் சொல்லிவிடும். நாற்று உயர உயர விளக்கையும் உயர்த்த வேண்டும்.

ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் ஒளி போதும். இரவிலும் எரியவிட்டால் இன்னும் வேகமாக வளருமே என்று தோன்றலாம். தக்காளியும் கத்தரியும் அதைத் தாங்குவதில்லை. இடைவிடாத ஒளியில் அவற்றின் இலை மஞ்சளித்துக் கெட்டுப்போகும்.

முளைக்க ஒரு சூடு, வளர இன்னொன்று

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஹாரிங்டன் தொகுத்த முளைப்பு அட்டவணை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மண்ணின் சூடு 10 டிகிரி செல்சியஸ் என்றால் தக்காளி மண்ணைவிட்டு வெளிவர 43 நாள் ஆகும். 20 டிகிரியில் 8 நாள். 25 முதல் 30 டிகிரிவரை 6 நாள். 35 டிகிரியில் மறுபடி 9 நாளாகிவிடும். மிளகாய் இன்னும் சூடு கேட்கும்: 15 டிகிரியில் 25 நாள், 25 முதல் 30 டிகிரியில் 8 நாள். குளிர்நாட்டில் தட்டுக்கு அடியில் வெப்பப்பாய் விரிப்பது இதனால்தான். நம் ஊரில் அது தேவையில்லை. கோடையில் தட்டை நிழலில் வைத்துச் சூட்டைத் தணிப்பதே இங்கே வேலை.

முளைத்த பிறகு அந்தச் சூடு வேண்டாதது ஆகிறது. காரணம் 2016இல் தெளிவானது. கேம்பிரிட்ஜிலும் புவெனஸ் ஐரிசிலும் இருந்த இரண்டு குழுக்கள், ஃபைட்டோகுரோம் ஒளியை மட்டுமல்லாமல் வெப்பத்தையும் உணர்கிறது என்று ஒரே சமயத்தில் காட்டின. சிவப்பு ஒளி பட்டுச் செயல்படும் வடிவத்துக்கு மாறிய ஃபைட்டோகுரோம், சூடு ஏற ஏற வேகமாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. நிழலிலும் செடிக்கு நடப்பது ஏறக்குறைய அதுவே. அதாவது புழுக்கமான, மங்கலான அறை நீளச் சொல்லும் ஒரே கட்டளையை இருமுறை பிறப்பிக்கிறது. சென்னை வீடுகளில் நாற்று அவ்வளவு விரைவாகச் சாய்வதற்கு விளக்கம் இதில் இருக்கிறது.

பசுமைக்குடில் நடத்துகிறவர்கள் வெப்பத்தையே கருவியாக்கிக்கொண்டார்கள். 1980களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் எர்வினும் ராயல் ஹைன்ஸும், பகல் வெப்பத்துக்கும் இரவு வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசமே தண்டின் நீளத்தைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார்கள். பகல் சூடாகவும் இரவு குளிராகவும் இருந்தால் தண்டு நீளும். வித்தியாசம் குறைந்தாலோ தலைகீழானாலோ குட்டையாகும். விடியலை ஒட்டிய இரண்டு மூன்று மணி நேரம் குளிர்வித்தாலே நல்ல பலன் கிடைக்கிறது. வீட்டில் இவ்வளவு நுணுக்கம் முடியாது. முளை தெரிந்த அன்றே வெப்பப்பாயை எடுத்துவிடுவதும், அதிகாலையில் ஜன்னலைத் திறந்துவைப்பதும் முடியும்.

ஈரத்தின் உயரம்

சாய்ந்த நாற்றைப் பிழைக்கவைக்க வழி உண்டு. அடித்தண்டு கருகி விழுந்த நாற்றுக்கு இல்லை. அது நாற்றழுகல் நோய். பெரும்பாலும் பித்தியம் என்ற நுண்ணுயிரின் வேலை. பார்க்கப் பூஞ்சைபோல் இருந்தாலும் அது பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததில்லை. பாசிகளுக்குத்தான் நெருங்கிய உறவு. அதன் வித்துகளுக்கு நீந்தும் வால் உண்டு. மண்துகள்களுக்கு இடையே நீர்ப்படலம் இருந்தால் வேரைத் தேடி நீந்திப் போய்விடும். மெலிந்து நீண்ட தண்டு அதற்கு எளிதான இரை.

பலர் ஆழமில்லாத தட்டில் நீர் தேங்காது என்று நம்புகிறார்கள். உண்மை நேர்மாறு. எந்தத் தொட்டியிலும் வடிந்தது போக, அடியில் ஓர் உயரத்துக்கு நீர் நுண்துளைகளில் பிடிபட்டே நிற்கும். அந்த உயரம் தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததல்ல, கலவையின் துளைகளைப் பொறுத்தது. ஒரு முழத் தொட்டியில் அது அடியில் ஒரு சிறு பகுதி. நாலு விரல் ஆழக் குழியில் அதுவே பாதி. தொட்டியின் அடியில் ஓட்டுச்சில்லு, கூழாங்கல் போட்டால் வடியும் என்பதும் தவறு. ஈரம் நிற்கும் மட்டம் அவ்வளவு மேலே ஏறி வேருக்கு நெருக்கமாகிவிடும். நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு என்பதால், அந்தப் பகுதியில் வேர் மூச்சுத் திணறுகிறது.

ஆகவே குழித்தட்டுக்குத் தோட்டமண் ஆகாது. தென்னை நார்க்கழிவு, கடையில் கோகோபீட் என்று விற்பது, ஈரத்தையும் காற்றையும் சேர்த்தே பிடித்துவைக்கும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டிகளாகக் கப்பலேறும் இந்தக் கழிவுதான் இன்று பல நாட்டுப் பசுமைக்குடில்களின் மண். அதில் உப்பு தங்கியிருக்கும். வாங்கியதும் இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிய வேண்டும். நாற்றழுகலைத் தடுக்க, விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலப்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை: கிலோ விதைக்கு 4 கிராம் என்ற விகிதம், வீட்டு அளவுக்குக் கொஞ்சம் தூவிப் புரட்டினாலே சரி. தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, மேற்பரப்பு நிறம் வெளிறிய பிறகே மறுபடி நீர் காட்ட வேண்டும். கோகோபீட்டில் சத்து அநேகமாக இல்லை. முதல் உண்மையான இலை விரிந்த பின் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஓரிரு கிராம் கரைத்து ஊற்றலாம். அதற்கு முன் வித்திலையே சோறு போடும்.

தொட்டால் தடிக்கும்

வெளியில் காற்று ஓயாமல் செடியை ஆட்டுகிறது. வீட்டுக்குள் அசைவே இல்லை. அசையாத தண்டு தன்னை உறுதியாக்கிக்கொள்ளக் காரணம் எதுவும் காண்பதில்லை. தொடுவதாலும் அசைப்பதாலும் தண்டு குட்டையாகித் தடிப்பதை 1973இல் மார்டகாய் ஜாஃபே ஆராய்ந்து அதற்குப் பெயர் சூட்டினார். மரபணு அளவிலான சான்று எதிர்பாராமல் கிடைத்தது. ஸ்டான்போர்டில் ஜேனட் பிராமும் ரொனால்ட் டேவிஸும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடிமீது ஹார்மோன் தெளித்து, எந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று தேடினார்கள். சில மரபணுக்கள் விழித்தன. ஒப்பீட்டுக்காக வெறும் தண்ணீர் தெளித்த செடியிலும் அவையே விழித்தன! ஹார்மோனுக்கு அதில் பங்கில்லை. துளி வந்து விழுந்ததே போதுமானதாக இருந்தது. தொட்ட அரைமணி நேரத்துக்குள் அந்த மரபணுக்களின் செயல்பாடு 100 மடங்குவரை ஏறியதாக 1990இல் எழுதினார்கள்.

மேசை விசிறியைக் குறைந்த வேகத்தில், இலை மெல்ல ஆடும் அளவுக்கு ஓடவிட்டால் இந்த வேலை நடந்துவிடும். விசிறி இல்லையா? உள்ளங்கையால் நாற்றின் தலையைக் காலையிலும் மாலையிலும் பத்துப் பதினைந்து முறை தடவிவிட்டாலும் போதும். காற்றோட்டம் மேற்பரப்பின் ஈரத்தை உலர்த்திப் பித்தியத்தையும் தள்ளிவைக்கும்.

வெளியே போகுமுன்

கடைசிக் குறிப்பு ஜன்னல் கண்ணாடியில் நின்றுபோகிறது. சாதாரணக் கண்ணாடி புறஊதா-பி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அந்தக் கதிரை உணர்ந்தால்தான் செடி தன் இலைத்தோலில் கதிர்தாங்கும் பொருட்களைச் சேர்க்கும்; அதை உணர்வது யுவிஆர்8 என்ற புரதமே என்பது 2011இல் தெளிவானது. வீட்டுக்குள் வளர்ந்த இலைக்கு அந்த எச்சரிக்கை கிடைத்ததே இல்லை. அதன் மெழுகுப்பூச்சும் மெல்லியது. நேரே வெயிலில் வைத்தால் ஒரே பகலில் வெளிறித் தீய்ந்துவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு காலை வெயில், பிறகு கூடுதல் நேரம் என்று ஏழு முதல் பத்து நாள் பழக்க வேண்டும். இதைச் சோம்பலால் தவிர்த்தால் அதுவரை செய்தது எல்லாம் வீண்.

ஏற்கெனவே நீண்டுவிட்ட நாற்றை என்ன செய்வது? நீண்ட செல் திரும்பச் சுருங்காது. தக்காளிக்கு மட்டும் ஒரு சலுகை: அதன் தண்டிலிருந்தே வேர் விடும். வித்திலை வரை புதைத்து நட்டால், வீணாய்ப் போன நீளம் வேராகித் திரும்ப வந்துவிடும். மிளகாயும் கத்தரியும் அவ்வளவு தாராளம் காட்டா. அவற்றைப் புதிதாக விதைப்பதே மேல். இரண்டு வாரம் தாமதமான திடமான நாற்று, முந்தி முளைத்த மெலிந்த நாற்றை வயலில் எட்டிப் பிடித்துவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர் பணம் செலவழிக்கும் வரிசையையும் இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஒளி. அடுத்து இடைவெளி, அதற்குக் காசே வேண்டாம், நல்ல நாற்றை நறுக்க மனம் வந்தால் போதும். பிறகு நீர் வடியும் கலவை, மெல்லிய காற்று, முளைத்தபின் குளிர்ச்சி. உரம் கடைசியில். கடைக்காரர் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்வார். உர டப்பாவை அலமாரியில் அடுக்கி விற்க முடியும். இடைவெளியை விற்க முடியாது.